பெஷ்கிலிசே: ஐந்தில் எஞ்சிய சர்கிஸ் ஆலயம்

துருக்கியின் கார்ஸ் நகரிலிருந்து திகோர் என்ற சிற்றூர் சுமார் 40 கி.மீ. அங்கே இறங்கி பழைய ஆர்மீனியக் கிறிஸ்தவ மடம் ஒன்றுக்கு வழி கேட்டு, ‘க்த்ஸ்கோங்க்’ என்று அதன் ஆர்மீனியப் பெயரைச் சொன்னால் பலருக்கும் விளங்காது. ‘பெஷ்கிலிசே’ என்று கேட்க வேண்டும். துருக்கியில் அதற்கு ‘ஐந்து தேவாலயம்’ என்று பொருள். ஊரை அடுத்த ஆற்றுப் பள்ளத்தாக்குக்குள் நடைதான். தண்ணீரும் உணவும் கையோடு இருக்கட்டும். கணுக்காலைப் பிடிக்கும் காலணி அவசியம்.

கராபெத், அஸ்துவாத்ஸாத்ஸின் (தேவமாதா), ஸ்தெபானோஸ், கிரிகோர், சர்கிஸ் என ஐந்து ஆலயங்கள் பாறை விளிம்பில் நெருங்கி நின்ற மடம் இது. பின்னாளில் பாழ்பட்டது. 1878இல் கார்ஸ் ரஷ்யாவின் வசமானதும் வழிபாடு திரும்பியது. 1920இல் துருக்கிப் படை வந்ததும் ஓய்ந்தது. 1959இல் ஆய்வாளர் போய்ப் பார்த்தபோது நான்கு ஆலயங்கள் தரைமட்டம். ராணுவம் வெடி வைத்தது என்றனர் ஊரார்.

1024ஆம் ஆண்டைச் சேர்ந்த சர்கிஸ் ஆலயம் மட்டும் ஏன் விழவில்லை? வெளியே வட்டம், உள்ளே சிலுவை, மூலைகளில் சிற்றறைகள், மேலே அகன்ற உருளைக் கழுத்தும் விரித்த குடைபோல் மடிப்புள்ள கூம்புக் கூரையும். ஆர்மீனியச் சுவரில் செதுக்கிய டஃப் கல் (எரிமலைச் சாம்பல் இறுகிய மென்கல்) வெறும் மேல்தோல்தான். இரண்டு தோல்களுக்கு நடுவே சுண்ணாம்புச் சாந்தில் கல்சல்லியைக் கொட்டி இறுக்கிய திண்மம்தான் பாரம் தாங்குகிறது. வெடியில் பக்கச் சுவர்கள் பிய்ந்தன, முகப்புக் கற்கள் உரிந்தன. திண்மம் குவிமாடத்தை விடவில்லை. ஆனால் கல்வெட்டுகள் இருந்தது மேல்தோலில். உரிந்த இடங்களில் எழுத்தும் போயிற்று. கட்டடம் பிழைத்தும் வரலாறு பாதி உதிர்ந்தது என்பதுதான் பெரிய இழப்பு.

புனித சர்கிஸ் திருநாள் ஈஸ்டருக்கு ஏறத்தாழ ஒன்பது வாரம் முன், சனிக்கிழமையில் வரும். கார்ஸ் பீடபூமியில் அது உறைபனிக் காலம். திருநாளன்றே தரிசிக்க ஆசைப்பட வேண்டாம்; ஜூன் முதல் செப்டம்பர் வரை உகந்தது. மழைக்கு மறுநாள் பள்ளத்தாக்கில் இறங்கினால் வழுக்கும்.

பீடம் கிழக்கில். அதை நோக்கி நின்று ‘ஹய்ர் மேர்’ (பரமண்டல ஜெபம்) சொல்வது வழக்கம். பிய்ந்த சுவருக்கு நேர்கீழே நிற்காதீர்கள்: சாந்துக்குள் நீர் புகுந்து உறைந்து விரிவதால் கல் தளரும். இந்த வட்டாரத்துப் பாழ் ஆலயங்களில் புதையல் தேடித் தோண்டிய குழிகளும் உண்டு, தரையைப் பார்த்தே நடக்க வேண்டும். மெழுகுத்திரியைக் கல்லில் ஒட்டாமல், மணல் நிரப்பிய சிறு டப்பாவில் ஏற்றி, திரும்பும்போது எடுத்து வந்துவிடலாம். உதிர்ந்த கல்லைப் பிரசாதம்போலப் பையில் போடாதீர்கள். தொல்பொருளை நாட்டைவிட்டுக் கொண்டுபோவது துருக்கியில் குற்றம். விமான நிலையச் சோதனையில் மாட்டும்.