கோலோகார்டு மாதிரி: எடுக்கும்போது எங்கே தவறுகிறது

அமெரிக்காவில் 45 வயது நிரம்பியவர்களுக்கு டாக்டர் எழுதிக்கொடுத்தால், மலத்தைச் சோதித்துப் பெருங்குடல் புற்றைத் தேடும் கோலோகார்டு பெட்டி வீட்டுக்கே வந்துவிடும். பத்தியம் கிடையாது, மாத்திரை எதையும் நிறுத்த வேண்டாம், பேதி மருந்தும் இல்லை. அவ்வளவு சுலபமாக இருந்தும், அனுப்பிய மாதிரி செல்லாது, மறுபடி எடுங்கள் என்று பதில் வருவதுண்டு. பெட்டி எதைத் தேடுகிறது என்று தெரிந்தால் இந்தத் தொல்லை பாதி குறையும்.

பெருங்குடலின் உட்படலம் சில நாட்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும். பழைய செல்கள் உதிர்ந்து மலத்தோடு போகும். பாலிப்பும் (பின்னால் புற்றாக மாறக்கூடிய சிறு வளர்ச்சி) புற்றுக்கட்டியும் இதே போல செல்களை உதிர்க்கின்றன. கட்டியிலிருந்து ரத்தம் விட்டுவிட்டுத்தான் கசியும், செல்களோ ஓயாமல் உதிரும். மலத்தில் ரத்தத்தை மட்டும் பார்க்கும் சோதனை கோட்டைவிடுவதை இது பிடிப்பது அதனால்தான். ஆனால் மலத்தில் இருக்கும் டி.என்.ஏ.வில் பெரும்பகுதி பாக்டீரியாவுடையது. மனித டி.என்.ஏ. மிகச் சொற்பம், அதுவும் சீக்கிரம் சிதையும். எல்லா அவசரமும் இதற்காகத்தான்.

முதலில் பெட்டியின் காலாவதித் தேதியைப் பாருங்கள். அடுத்து நாளைத் தேர்ந்தெடுங்கள்: எடுத்த 72 மணி நேரத்துக்குள் மாதிரி ஆய்வகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். திங்கள் முதல் புதன் வரை எடுத்தால் வார இறுதியில் மாட்டாது. வயிற்றுப்போக்கு, மூலத்தில் ரத்தம், மாதவிடாய், கையில் ரத்தம் வரும் காயம், இவற்றில் ஏதாவது இருந்தால் தள்ளிப்போடுங்கள்.

சிறுநீரை முன்பே கழித்துவிடுங்கள். டாய்லெட் சீட்டைத் தூக்கி, கிட்டில் இருக்கும் தாங்கியை வைத்து, அதில் டப்பாவைப் பொருத்தி, சீட்டை இறக்குங்கள். டப்பாவுக்குள் சிறுநீரோ டாய்லெட் பேப்பரோ விழக்கூடாது.

இனி வரிசை முக்கியம். சின்னக் குழாயின் மூடியோடு இருக்கும் குச்சியால் மலத்தின் மேற்பரப்பை அங்கங்கே சுரண்டி, குச்சியின் பள்ளங்கள் நிரம்பியதும் குழாயில் திருப்பி மூடுங்கள். இது மலத்தில் ரத்தம் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனைக்கு. அதன் பிறகுதான் பாட்டிலில் இருக்கும் பாதுகாப்புத் திரவம் முழுவதையும் டப்பாவில் ஊற்ற வேண்டும், அது டி.என்.ஏ.வுக்கு. அவசரத்தில் திரவத்தை முதலில் ஊற்றிவிட்டால் ரத்தச் சோதனைக்கான மாதிரி கெட்டது. மலம் திரவத்தில் முழுக்க மூழ்க வேண்டும். அளவு கூடி மேலே துருத்திக்கொண்டிருந்தால் அந்தப் பகுதிக்குப் பாதுகாப்பு இல்லை. மூடியை இனி திரும்பாது என்னும் வரை முறுக்குங்கள், ஒழுகிய டப்பாவை ஆய்வகம் எடுக்காது.

லேபிளில் பெயர், பிறந்த தேதி, எடுத்த தேதி, நேரம் நான்கும் வேண்டும், குழாய்க்கும் டப்பாவுக்கும் தனித்தனியாக. இதை விட்டுவிடுவதுதான் அற்பமான, ஆனால் எரிச்சலூட்டும் தவறு. பிறகு பெட்டியை அன்றோ மறுநாளோ யூ.பி.எஸ். கூரியர் கவுன்ட்டரில் கொடுங்கள், அல்லது வீட்டுக்கு வந்து எடுக்கச் சொல்லுங்கள்.

ஆய்வகத்தில் கே-ராஸ் மரபணுவில் பிறழ்வுகள் உண்டா, என்.டி.ஆர்.ஜி.4, பி.எம்.பி.3 மரபணுக்களில் மெத்தில் என்னும் வேதிக்குறி ஒட்டியிருக்கிறதா, ரத்தம் உண்டா என்று பார்த்து எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிடுவார்கள். மனித டி.என்.ஏ. போதுமான அளவு இருக்கிறதா என்று காட்ட இன்னொரு மரபணுவையும் அளப்பார்கள். அது குறைந்தால் முடிவே சொல்ல மாட்டார்கள்.

2014இல் அனுமதிக்கு ஆதாரமான, சுமார் 10,000 பேரிடம் செய்த ஆய்வில், இருந்த புற்றுநோய்களில் 92.3 சதவீதத்தை இது கண்டுபிடித்தது. ரத்தச் சோதனை மட்டும் 73.8. முற்றிய பாலிப்புகளில் கோலோகார்டு பிடித்தது 42.4தான். புற்றோ முற்றிய பாலிப்போ இல்லாதவர்களில் 13 சதவீதம் பேருக்குப் பாசிட்டிவ் வந்தது. ஆகவே பாசிட்டிவ் என்றாலே புற்று என்று பயப்படவும் வேண்டாம், திரும்ப ஒருமுறை இதையே செய்து பார்க்கவும் வேண்டாம். அடுத்தது கேமரா பொருத்திய குழாயை விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் கொலோனோஸ்கோபிதான். நெகட்டிவ் என்றால் மூன்று வருடம் கழித்து மறுபடி இந்தச் சோதனை. மலத்தில் ரத்தம் தெரிகிறவர்கள், முன்பு பாலிப் எடுத்தவர்கள், பெற்றோருக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ குடல் புற்று இருந்தவர்கள், குடல் அழற்சி நோய் உள்ளவர்கள் இந்தப் பெட்டியை எதிர்பார்க்காமல் நேரே கொலோனோஸ்கோபிக்குப் போவதே சரி.

பாசிட்டிவுக்குப் பிந்தைய கொலோனோஸ்கோபியையும் மெடிகேரில் (முதியோருக்கான அரசுக் காப்பீடு) 2023 முதல் ஸ்கிரீனிங்காகவே, அதாவது அறிகுறி இல்லாதவர்களுக்கான முன்கூட்டிய சோதனையாகவே, கணக்கிடுகிறார்கள். தனியார் இன்சூரன்சில் பெரும்பாலான திட்டங்களும் 2022க்குப் பிறகு அப்படித்தான். அப்பாயின்ட்மென்ட் எடுக்கும்போதே "மல டி.என்.ஏ. டெஸ்ட் பாசிட்டிவ், அதற்கான தொடர் ஸ்கிரீனிங்" என்று சொல்லி பதியச் சொல்லுங்கள்; நோயறியும் பரிசோதனை என்று பதிந்துவிட்டால் பில் உங்கள் தலையில் விழலாம்.