மெய்யெழுத்தின் புள்ளி தாளில் நிற்க

வேலூர் லாங் பஜாரை ஒட்டிய சந்து ஒன்றில் டிடிபி வேலை பார்க்கிறேன். கல்யாணப் பத்திரிகை, திருவிழா நோட்டீஸ், காட்பாடி காலேஜ் பிள்ளைகளின் புராஜெக்ட் ரிப்போர்ட் எல்லாம் வரும். ஊரடங்குக்குப் பிறகு பல வீடுகளில் இங்க் டேங்க் பிரிண்டர் வந்துவிட்டது. பிரிண்ட் எடுக்க வருகிறவர்கள் குறைந்து, "வீட்டுல எடுத்தா எழுத்து மங்கலா வருதுங்களே, ஏன்?" என்று கேட்க வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். எல்லோரும் முதலில் சந்தேகப்படுவது மையைத்தான். நான் பார்த்தவரை, கோளாறு பெரும்பாலும் எழுத்து பிரிண்டருக்குப் போய்ச் சேரும் வழியில்தான் இருக்கிறது.

சத்துவாச்சாரியில் டியூஷன் எடுக்கும் டீச்சர் ஒருவர், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கான தாளைக் கொண்டுவந்தார். க், ங், ச், ஞ் வரிசை. 'ஞ்' சுழிக்குள் மை அடைத்திருந்தது. 'ட்' மேலிருந்த புள்ளி வெறும் சாம்பல் கறை. மெய்யெழுத்து சொல்லித்தரும் தாளில் புள்ளியே தெரியாவிட்டால் பிள்ளை எதைப் பார்த்து எழுதும்?

"மை வர்ற துளை அடைச்சிருக்குன்னு ஹெட் கிளீனிங் போட்டுப் போட்டு மைதான் காலியாச்சு சார்" என்றார். லென்ஸை எழுத்தின் மேல் வைத்துப் பார்க்கச் சொன்னேன். வளைவு முழுக்கப் படிக்கட்டு, ஓரமெல்லாம் பொடிப்பொடியாக மை. லேப்டாப் திரையிலிருந்த பாடத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேர்டில் ஒட்டி, அப்படியே பிரிண்ட் கொடுத்திருக்கிறார். பிரிண்டருக்குப் போனது எழுத்தின் போட்டோ.

கணக்குப் போட்டால் விஷயம் விளங்கும். டிபிஐ என்பது ஒரு அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கு; எழுத்தளவைச் சொல்லும் பாயிண்ட், அங்குலத்துக்கு 72. 96 டிபிஐ திரையில் 12 பாயிண்ட் என்பது 16 பிக்சல் உயரம். அதே 12 பாயிண்டுக்கு 300 டிபிஐ பிரிண்டரில் 50 புள்ளிகள், 600 டிபிஐ என்றால் 100. படமாக அனுப்பினால் அந்த 16 பிக்சலையே இழுத்து நிரப்ப வேண்டியிருக்கும். 300 டிபிஐயிலேயே ஒவ்வொரு பிக்சலும் சுமார் மூன்றுக்கு மூன்று கட்டமாகப் பெருத்துவிடும். திரையில் ஓரத்தை மழுப்பிக் காட்டிய சாம்பல் நிறத்தை, பிரிண்டர் தனித்தனி மைத்துளிகளாகத் தெளிக்கும். அவுட்லைன் ஃபாண்டில் எழுத்து வளைகோடுகளாக இருக்கிறது. எந்த அளவு கேட்டாலும், பிரிண்டரின் நுணுக்கத்துக்கே அந்தக் கோடு புதிதாகப் போடப்பட்டு உள்ளே நிரப்பப்படும்.

இந்த அருமை பழைய ஆட்களுக்குத் தெரியும். லெட்டர்பேடில் வேலூர் மாவட்டத்தின் பழைய பெயரான 'வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம்' என்று அடித்துக்கொண்டிருந்த நாட்களில்தான் இந்த வேலைக்கு வந்தேன். விண்டோஸுக்கு முந்தைய டாஸில், புள்ளிகளால் ஆன பிட்மேப் எழுத்து குறிப்பிட்ட சில அளவுகளில்தான் இருக்கும். அவ்வளவு நீளப் பெயரை ஒரே வரியில் அடக்கச் சுருக்கினால் எழுத்து பல்லிளிக்கும். வளைகோட்டு எழுத்தைத் தானே வரையும் போஸ்ட்ஸ்கிரிப்ட் பிரிண்டர் வாங்க எங்களைப் போன்ற கடைகளுக்கு வசதி ஏது? ஆப்பிள் 1991-இல் கொண்டுவந்த ட்ரூடைப் என்ற அவுட்லைன் ஃபாண்ட் முறை, 1992-இல் விண்டோஸ் 3.1-க்கும் வந்தது. போஸ்ட்ஸ்கிரிப்டின் டைப் 1 ஃபாண்டுகளைச் சாதாரணப் பிரிண்டரிலும் எடுக்க அடோபி டைப் மேனேஜர் என்ற மென்பொருள் இருந்தது. சாதாரண டாட் மேட்ரிக்ஸிலும் பதினொன்றரை பாயிண்ட் தமிழ் வளைவு வளைவாக வந்ததைப் பார்த்தபோது எனக்குக் கண் நிறைந்துபோனது. இன்றைக்கும் அதைப் பெரிய விஷயமாகத்தான் நினைக்கிறேன்.

டீச்சரின் பாடத்தை யூனிகோடில் தட்டி, ஃபாண்டை உள்ளேயே பதிக்கும்படி பிடிஎஃப் ஆக்கினோம். 800 சதவீதம் பெரிதாக்கிப் பார்க்கச் சொன்னேன். ஓரம் வழவழப்பாகவே இருந்தால் அது எழுத்து. கட்டம் கட்டமாகத் தெரிந்தால் படம். பிரிண்ட் கொடுக்கும்போது 'பிரிண்ட் அஸ் இமேஜ்' டிக் ஆகியிருந்தால் எடுத்துவிட வேண்டும். எழுத்தின் நிறம் முழுக் கருப்பாக இருக்கட்டும். சாம்பல் நிறம் வைத்தால் நல்ல ஃபாண்டும் துளித்துளியாகச் சிதறும். டிராஃப்டில் போடாமல் நார்மலில் போட்டால் போதும்.

ஆஃப்செட் அச்சகத்துக்கு அனுப்பும்போது கோரல் டிராவில் எழுத்தை வெறும் வளைகோடாக, அதாவது கர்வ்ஸ் ஆக்கி அனுப்புவோம், அங்கே நம் ஃபாண்ட் இருக்காது என்பதால். வீட்டுப் பிரிண்டருக்கு அது தேவையில்லை. சிறிய எழுத்தை அளவுக்கேற்பச் சீர்செய்ய ஃபாண்டுக்குள் இருக்கும் குறிப்புகள் கர்வ்ஸில் போய்விடும். கோடு சற்றுத் தடித்துத் தெரியும்.

மறுமுறை வந்தபோது டீச்சர் தலைப்பை மட்டும் காட்டினார். மற்றதெல்லாம் பளிச்சென்று இருக்க, அங்கே மட்டும் சுழி அடைத்திருந்தது. அவர் எடுத்திருந்த ஃபாண்டில் போல்ட் எனும் தடித்த வடிவம் கிடையாது. 'பி' பட்டனை அமுக்கியதும் கம்ப்யூட்டர் தானாகத் தடிக்க வைத்திருக்கிறது. போல்ட் தனியாக வரைந்து வைத்திருக்கும் நிர்மலா யுஐ, நோட்டோ சான்ஸ் தமிழ் இரண்டையும் எழுதிக் கொடுத்தேன். "புள்ளி எதுல பெருசா இருக்கும்?" என்று கேட்டார். இரண்டிலும் ஒரு 'ஞ்' அடித்துக் காட்டினேன், நோட்டோவை எடுத்துக்கொண்டார்.