கல்கி ஏற முடியாத மேடை

வார இதழில் நாடக விமர்சனத்துக்குக் கிடைப்பது முக்கால் பக்கம். அதிலும் ஒரு படம் போட்டாக வேண்டும். மிச்சமிருக்கும் இடத்தில் ‘பொன்னியின் செல்வன்’ நாடகத்தைப் பற்றி எழுதச் சொன்னால் என்ன வந்து சேரும் என்பதை 2014இல் உதவி ஆசிரியர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். மேஜிக் லேண்டர்ன் குழு 1999இல் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ.வில் போட்ட நாடகம் அது. குமரவேல் எழுத்து, பிரவீண் இயக்கம். பதினைந்து வருடம் கழித்து மியூசிக் அகாடமிக்கு வந்தபோது கலை இயக்குநர் தோட்டா தரணியும் கைகொடுத்திருந்தார்.

எங்களுக்கு எழுதித் தந்தவர் நாவலைத் தலைகீழாகச் சொல்லக்கூடியவர். அதுதான் சிக்கல். அவர் கட்டுரையின் முதல் பாதி முழுக்க எது இல்லை என்ற பட்டியல். வீரநாராயண ஏரியையும் அதன் எழுபத்து நான்கு கணவாய்களையும், அதாவது மதகுகளையும், மேடையில் எப்படிக் கொண்டுவருவார்களாம்? பூங்குழலி அவர் நினைத்த பூங்குழலி இல்லை. வந்தியத்தேவனுக்கு, தொடர்கதைக்குப் படம் போட்ட மணியம் வரைந்த மூக்கு இல்லை. நடிகர் என்ன செய்தார், ஒளியும் இசையும் எப்படி இருந்தன என்பதெல்லாம் கடைசி இரண்டு பத்தியில் அவசரமாக வந்து போயின. செய்தியைச் சுருக்க வேண்டும் என்றால் கீழேயிருந்து வெட்டுவதுதான் எங்கள் வழக்கம். இதை மேலேயிருந்து வெட்டினேன். அவருக்குக் கோபம். “தம்பி, என் விமர்சனத்தில் பாதி போயிடுச்சே” என்றார். போனது நாவலைப் பற்றிய பாதி சார் என்றேன். ஒத்துக்கொள்ளவில்லை.

அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்த தொடர்கதை அது. வீட்டில் அம்மா பைண்டு பண்ணி வைத்த பிரதியில் படித்தவர்கள் உண்டு. கல்கியின் எழுத்து நாட்டுடைமை ஆனபின் மலிவுப் பதிப்பில் படித்தவர்கள் உண்டு. ஒவ்வொருவர் தலைக்குள்ளும் ஒரு நாடகம் ஏற்கெனவே ஓடி முடிந்திருக்கிறது, அதற்குச் செலவும் இல்லை. மேடையில் இருப்பவர்கள் அதோடு போட்டி போட வேண்டும்.

ஆசிரியருக்கு ஒரு யோசனை தோன்றியது. நாவலைத் தொட்டே பார்க்காத பயிற்சிப் பையன் ஒருவனை இன்னொரு காட்சிக்கு அனுப்பினார். அவன் எழுதி வந்ததில் முதல் வரியே கேள்வி: மதுராந்தகன் சுந்தர சோழரின் மூத்த மகனா? டெஸ்கில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அது அந்த வாரம் வந்ததிலேயே உருப்படியான விமர்சனமாகப் பட்டது.

யோசித்துப் பாருங்கள். வாளும் குதிரையும் சதியும் இருந்தாலும் அடியில் இது ஒரு குடும்பத்தின் பாகப்பிரிவினைக் கதை. கண்டராதித்தர் இறந்தபோது மகன் மதுராந்தகன் குழந்தை. அதனால் பட்டம் தம்பி அரிஞ்சயருக்குப் போகிறது, அங்கிருந்து அவர் மகன் சுந்தர சோழருக்கு. இப்போது அடுத்த பட்டம் யாருக்கு? மூத்தவர் வழிக்கா, ஆண்டுகொண்டிருப்பவர் பிள்ளைக்கா? இந்த உறவுமுறை புரியாவிட்டால் சிற்றரசர்களான பழுவேட்டரையர்கள் ஏன் நள்ளிரவில் கூடிப் பேசுகிறார்கள் என்பதே புரியாது. நாவலில் இது தடையே இல்லை. வேண்டிய இடத்தில் கதையை நிறுத்திவிட்டு கல்கியே வந்து விடுவார். வாசகர்களைப் பக்கத்தில் உட்கார வைத்து, இன்னார் இன்னாருக்கு இன்ன முறை என்று சொல்லிவிட்டுப் போவார். மேடைக்கு அவர் வர முடியாது. விடுபட்ட பாத்திரங்களைப் பற்றி அத்தனை பேர் எழுதினார்கள். நாவலின் முக்கியமான குரல் கல்கியுடையது, அந்த வேலையை மேடையில் யார் செய்கிறார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

பிறகு நானும் ஒரு மாலை டிக்கெட் வாங்கிப் போனேன். எனக்கு முன்வரிசையில் ஒரு அம்மாவும் கல்லூரி வயதுப் பெண்ணும். மதுராந்தகன் வந்ததும் அந்த அம்மா மெதுவாகக் குனிந்து, “அவரு சுந்தர சோழர் பிள்ளைங்களுக்குச் சித்தப்பா முறைடி. பெரிய தாத்தாவோட பையன்” என்றார். இரண்டு நாற்காலி தள்ளி வேறு யாரோ வேறு யாருக்கோ நந்தினியை விளக்கிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் இருந்த ஒருவர் உஷ் என்றார். கல்கியின் வேலையை அரங்கத்தில் பாதிப்பேர் பங்கு போட்டுச் செய்தார்கள்! நாடகக் குழுவும் இதை நம்பித்தான் துணிந்திருக்கும் என்று நினைக்கிறேன். தமிழ்க் கூட்டத்துக்கு அது சரி. சும்மா நாடகம் பார்க்க வந்தவர் பாடுதான் திண்டாட்டம்.

கதைசொல்லியை மேடையிலேயே ஏற்றினால் மட்டும் தீர்ந்துவிடுமா என்றால், அதுவும் இல்லை. 1980இல் லண்டனில் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி டிக்கன்ஸின் ‘நிக்கலஸ் நிக்கல்பி’யை எட்டரை மணி நேர நாடகமாக்கியது. நடிகர்களே மாறி மாறிக் கதை சொன்னார்கள். முதலில் விமர்சகர்கள் அவ்வளவு உற்சாகம் காட்டவில்லை. ‘தி டைம்ஸ்’ பத்திரிகையில் பெர்னார்ட் லெவின் தூக்கி வைத்து எழுதிய பிறகு காற்று திரும்பியது. அதன் இயக்குநர்களில் ஒருவரான ட்ரெவர் நன், 2008இல் ‘கான் வித் த விண்ட்’ நாவலை இசை நாடகமாக்கியபோது அதே உத்தியைக் கையாண்டார். இந்த முறை விமர்சகர்கள் கிழித்துத் தோரணம் கட்டினார்கள். நீளம், இழுவை, நாவலையே ஒப்பிக்கிறார்கள் என்றார்கள். 79 காட்சிகளோடு மூட்டை கட்டியாயிற்று. அங்கேயும் எல்லோர் தலைக்குள்ளும் 1939இல் வந்த சினிமா ஓடிக்கொண்டிருந்தது என்பதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். அந்த இதழில் சுருக்கிய விமர்சனத்தோடு சோழர் வம்ச வரிசையை ஒரு பெட்டிச் செய்தியாகப் போட்டோம். விமர்சனத்தைப் பற்றி வந்த கடிதங்களைவிட பெட்டிக்கு வந்தவை அதிகம். மயிலாப்பூர் வாசகர் ஒருவர், அரங்க வாசலில் இதை அச்சடித்துக் கொடுத்தால் என்ன என்று கேட்டிருந்தார். நல்ல யோசனைதான்.

2022இல் மணிரத்னத்தின் படம் வந்தது. திரைக்கதையில் ஜெயமோகனோடு குமரவேலும் இருந்தார். பெயர்களும் உறவுகளும் பிடிபடவில்லை என்று வடக்கே பலர் எழுதினார்கள். பழைய பயிற்சிப் பையன் அதற்குள் வேறொரு பத்திரிகையில் பெரிய ஆளாகிவிட்டான். அவன் விமர்சனத்தைத் தேடிப் படித்தேன். இடைப்பட்ட காலத்தில் ஐந்து பாகத்தையும் முடித்துவிட்டான் போலிருக்கிறது. “நாவலில் இந்த இடம்…” என்றுதான் ஆரம்பித்திருந்தான்.