‘கொடுத்த வேலையை முடிப்பதில்லை’

என் மகள் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது, ஜூலைக்கும் அக்டோபருக்கும் நடுவில் அவளுடைய பள்ளி டைரியில் ஒன்பது முறை ஒரே வரி வந்தது: ‘கொடுத்த வேலையை முடிப்பதில்லை.’ சில நாள் அதற்குக் கீழே, ‘பக்கத்தில் இருப்பவர்களையும் எழுத விடுவதில்லை’ என்று இன்னொரு வரி. ஒவ்வொரு முறையும் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். வீட்டில் திட்டினேன். ஒரு நாள் அடித்தும்விட்டேன். அதை நினைத்தால் இன்றும் வயிற்றைப் பிசைகிறது.

நவம்பரில் பெற்றோர் கூட்டம். மிஸ் அவளுடைய கணக்கு நோட்டைத் திறந்து காட்டினார். இருபது கூட்டல் கணக்கு. முதல் இரண்டு சரி. மீதி பதினெட்டுக் கட்டங்களிலும் விடைக்குப் பதிலாக வரிசை வரிசையாகப் புள்ளிகள். “ஒரு டாக்டர்கிட்ட காட்டுங்கம்மா, ஹைப்பர் ஆக்டிவா இருக்கலாம்” என்றார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. நாற்பதுக்கு மேல் பிள்ளைகளை ஒரே ஆளாக வைத்திருப்பவர். ஆனால் பஸ்ஸில் வீடு வரும்வரை அழுதுகொண்டே வந்தேன்.

அந்தப் புள்ளிகள் என்னவென்று எனக்குப் புரிந்தது மார்கழியில்தான்.

எங்கள் வீடு மதுரையில். மாமியார் எங்களோடு இருக்கிறார். மார்கழியில் அத்தை விடியற்காலை ஐந்து மணிக்கு வாசல் தெளித்துக் கோலம் போட உட்காருவார். பள்ளிக்கு எழுப்பினால் புரண்டு புரண்டு படுக்கிற என் மகள், அந்தப் பனியில் தானாக எழுந்து, போர்வையைச் சுற்றிக்கொண்டு படியில் உட்கார்ந்துவிடுவாள். ஒரு நாள் கேட்டாள்: “அப்பத்தா, மூணுக்கு மூணு புள்ளி வச்சா ஏன் மூணு தடவ கைய எடுக்குற? மூணுக்கு நாலு வச்சா மட்டும் எடுக்காமலே முடிச்சிடுற?”

“அது அப்படித்தான் வரும்டி தங்கம்” என்றார் அத்தை.

அவளுக்கு அது போதவில்லை. பழைய தேதிக் காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் வரைய ஆரம்பித்தாள். புள்ளிகளை நீள்சதுரமாக வைத்து, பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு நடுவில் கோடு வெட்டிப் போகிற மாதிரி சுற்றி வருகிற சாதாரணச் சிக்குக் கோலம். இரண்டுக்கு மூன்று, ஒரே கோடு. இரண்டுக்கு நான்கு, இரண்டு கோடு. மூன்றுக்கு நான்கு, ஒன்று. மாலையில் வந்து, “பக்கத்துப் பக்கத்து நம்பர்னா ஒரே கோடும்மா” என்றாள். அப்புறம் இரண்டுக்கு ஐந்து வைத்துப் பார்த்தாள். அதுவும் ஒரே கோடு. இரண்டும் ஐந்தும் பக்கத்து எண்கள் இல்லையே! விதி உடைந்துவிட்டதென்று தாளைக் கிழித்துப்போட்டு அழுதாள். மறுநாள் எடுத்து ஒட்டினாள்.

நான்காவது நாள், நான் இட்லிக்கு ஊற்றிக்கொண்டிருக்கும்போது அடுப்படிக்கு வந்தாள். “நாலையும் ரெண்டு ரெண்டா பிரிக்கலாம். ஆறையும் ரெண்டு ரெண்டா பிரிக்கலாம். அதான் நாலுக்கு ஆறுல ரெண்டு கோடு. மூணுக்கு ஆறுன்னா மூணு மூணா பிரிக்கலாம், மூணு கோடு. ரெண்டுக்கு அஞ்சுல அப்படி எதுவும் ஒத்து வராது. அதான் ஒன்னு.”

எனக்குச் சரியா தவறா என்று தெரியவில்லை. பக்கத்து வீட்டுப் பையனின் ஆறாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். மீப்பெரு பொதுக் காரணி: இரண்டு எண்களையும் மீதியில்லாமல் வகுக்கிற மிகப் பெரிய எண். பெயர் தெரியாமலே அதைத்தான் அவள் சொல்லியிருந்தாள். ஏழு வயது. இருபது கூட்டல் கணக்கை முடிக்காத பிள்ளை. (சென்னை கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் அவரோடு சேர்ந்தவர்களும் 1974-ல் கோலத்தை வைத்து ஆய்வுக் கட்டுரையே எழுதியிருக்கிறார்கள் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அத்தையிடம் சொன்னபோது அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம்.)

அன்றைக்கே நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். மூன்று வாரம் அவளைக் கவனித்து எழுதினேன். ‘கெட்டிக்காரி’, ‘அடம்’ போன்ற வார்த்தைகளைப் போடுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். என்ன நடந்தது, எத்தனை நேரம், யாரோடு, அவ்வளவுதான். ‘ஐஸ் கட்டி தண்ணீரில் ஏன் மிதக்கிறது என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. இரண்டு நாள் கழித்து மறுபடி கேட்டாள்.’ ‘சட்டைக் காலரில் இருக்கும் லேபிள் குத்துகிறது என்று பள்ளிக்குக் கிளம்பும்போது அழுகை, பதினைந்து நிமிடம்.’ ‘தெருவில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளோடுதான் பேசுகிறாள், தன் வயதுப் பிள்ளைகளோடு விளையாட்டில் சண்டை.’ ‘அப்பத்தா செத்துப்போனால் அப்பத்தாவுக்குத் தெரிந்த கோலமெல்லாம் எங்கே போகும் என்று கேட்டுவிட்டுத் தூங்கவில்லை.’

இதற்குள் சொந்தக்காரர்களுக்குச் செய்தி போய்விட்டது. கைரேகையைப் பதிந்து பிள்ளையின் திறமையைச் சொல்லும் டி.எம்.ஐ.டி. என்ற சோதனையைச் செய்யச் சொன்னார் ஒருவர். கண்ணைக் கட்டிக்கொண்டு படிக்கப் பழக்கும் மிட்பிரெயின் வகுப்பில் சேர்க்கச் சொன்னார் இன்னொருவர். இரண்டுக்கும் ஆயிரக்கணக்கில் கேட்கிறார்கள். கைரேகைச் சோதனைக்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று இந்திய மனநல மருத்துவர்கள் சங்கமே சொல்லியிருக்கிறது. கண்ணைக் கட்டினால் மூக்கோரத்து இடைவெளி வழியாகப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான். பிள்ளையைப் பற்றிய நம் பயத்தையும் ஆசையையும் காசாக்குகிறவர்கள் இவர்கள். தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள்.

நாங்கள் போனது மருத்துவ உளவியலாளரிடம். இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று கேட்டுக்கொண்டுதான் போனோம். இதை எல்லோரும் கேட்க வேண்டும், கேட்டால் யாரும் தவறாக நினைப்பதில்லை. தனியாரிடம் போக வசதி இல்லையென்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் விசாரிக்கலாம்.

முதல் நாள் எங்களோடு பேச்சு மட்டும். என் நோட்டை முழுவதும் படித்தார். “இந்த மாதிரி எழுதிட்டு வந்தா எங்க வேலை பாதி குறைஞ்சிடும்” என்றார். எங்களுக்கும் வகுப்பு மிஸ்ஸுக்கும் தனித்தனியாகக் கேள்வித்தாள் கொடுத்து நிரப்பி வாங்கினார். “நாலு நாள் கோலத்துல உட்கார்ந்தாளே, அப்ப மிஸ் சொன்ன ஹைப்பர் ஆக்டிவ், கவனக்குறைவுக் கோளாறு எதுவும் இருக்காதுதானே?” என்று ஆசையோடு கேட்டேன். அப்படிச் சொல்லிவிட முடியாது என்றார். கவனக்குறைவு உள்ள பிள்ளைகளும் பிடித்த ஒன்றில் மணிக்கணக்காக மூழ்குவார்கள், அபாரத் திறமையும் கவனக்குறைவும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்தும் இருக்கலாம், அதனால் இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்று விளக்கினார். என் மகளிடம் கவனக்குறைவு இல்லை என்று அவர் முடிவுக்கு வர மூன்று சந்திப்புகள் ஆயின.

நுண்ணறிவுச் சோதனை இரண்டு காலைகளில் நடந்தது. வெக்ஸ்லர் என்ற அமெரிக்க உளவியலாளரின் நுண்ணறிவு அளவுகோலை இந்தியப் பிள்ளைகளுக்காக மாற்றி 1969-ல் வந்த மாலின் சோதனை, சுருக்கமாக மிஸிக் என்பார்கள். ஆறு முதல் பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கானது. ஒரு பாதி பேச்சு வழியாக: பொது விவரம், சொற்பொருள், மனக்கணக்கு, எண்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்வது. மறுபாதி கைவேலை: கட்டைகளை வைத்து வடிவம் அமைப்பது, படத்தில் இல்லாததைக் கண்டுபிடிப்பது, வடிவத்துக்கோ எண்ணுக்கோ உரிய குறியை நேரத்துக்குள் எழுதுவது. முந்தின இரவு நன்றாகத் தூங்கவைத்தோம், காலையில் அவளுக்குப் பிடித்த பணியாரம். வேறெந்தத் தயாரிப்பும் கூடாது என்று முன்பே சொல்லியிருந்தார்.

வந்த எண்ணை இங்கே எழுதப்போவதில்லை. உறவினர் யாருக்கும் சொல்லவில்லை, அவளுக்கும் சொல்லவில்லை. சராசரி நூறு என்று வைத்திருக்கிறார்கள், 130-க்கு மேல் வருபவர்கள் நூற்றில் ஏறக்குறைய இரண்டு பேர். ஆனால் இந்தச் சோதனை பழையது, இன்றைய பிள்ளைகளுக்கு எண் கொஞ்சம் கூடுதலாகவே வரும், அதனால் மொத்த எண்ணைப் பிடித்துக்கொள்ளாதீர்கள், உள்ளே இருக்கும் மேடுபள்ளத்தைப் பாருங்கள் என்றார். மேடு எங்கே என்று எங்களுக்கு ஓரளவு தெரியும். பள்ளம்தான் எங்களை உலுக்கியது. குறி எழுதும் பகுதியில் அவள் தன் வயதுப் பிள்ளைகளைவிடப் பின்தங்கியிருந்தாள். “மனசு ஓடுது, விரல் நடக்குது” என்றார் உளவியலாளர். இருபது கணக்கில் இரண்டிலேயே அவளுக்கு விஷயம் முடிந்துவிடுகிறது, மீதி பதினெட்டும் அவளுக்குக் கைவலி மட்டுமே. நான் அடித்தது அந்தக் கைவலிக்காக.

பள்ளியில் முதல் முயற்சி தோற்றது. அறிக்கையை நீட்டியபடியே தலைமையாசிரியர் அறைக்குள் போனேன். “எல்லா அம்மாவும் அவங்க பிள்ளையை மேதைன்னுதான் நினைக்கிறாங்க” என்றார். தப்பு என்னுடையதும்தான். அவருக்கு என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை. அபாரத் திறமையுள்ள பிள்ளைகளைப் பற்றி பி.எட். படிப்பிலேயே சிறப்புப் பாடம் வைக்கலாம் என்று 2020 தேசியக் கல்விக் கொள்கை சொல்கிறது. அப்படியென்றால் இன்று வகுப்பில் நிற்கும் பெரும்பாலான ஆசிரியர்கள் அதைப் படித்து வந்தவர்கள் இல்லை என்றுதானே பொருள்?

ஜூனில் மூன்றாம் வகுப்புக்குப் புது மிஸ் வந்ததும், அறிக்கையைப் பையிலேயே வைத்துக்கொண்டு, ஒரே ஒரு உதவி கேட்டேன். பத்துக் கணக்கு கொடுத்தால் அதில் கடினமான கடைசி மூன்றை முதலில் போட விடுங்கள். மூன்றும் சரியாக இருந்தால் மற்றதை விட்டுவிட்டு, தன் சொந்த நோட்டில் ஏதாவது செய்துகொள்ளட்டும். தவறினால் எல்லோரையும் போல் பத்தும் போடட்டும். மிஸ் கொஞ்சம் யோசித்தார். “யார் கேட்டாலும் இதேதான்னு சொல்லிடுறேன், அப்ப இவளுக்கு மட்டும் சலுகைன்னு வராது” என்றார். அந்த யோசனை எனக்குத் தோன்றவே இல்லை. இப்போது அந்த வகுப்பில் ஐந்தாறு பிள்ளைகள் கடைசி மூன்றை முதலில் போடுகிறார்கள். டைரியில் பழைய வரி அந்த ஆண்டு இரண்டே முறைதான் வந்தது.

டபுள் ப்ரமோஷன் வேண்டுமா என்று வீட்டில் நிறையப் பேசினோம். உளவியலாளர் அதைக் கெட்டது என்று சொல்லவில்லை, பொருந்துகிற பிள்ளைகளுக்கு நன்றாகவே அமைகிறது என்றார். இவளுக்கு எழுதும் கை இன்னும் தேறவில்லை. மேல் வகுப்பில் எழுத்து இரண்டு மடங்கு. அதனால் வேண்டாம் என்று முடிவெடுத்தோம். வேறு பிள்ளையாக இருந்தால் வேறு முடிவாக இருந்திருக்கும்.

வீட்டில்தான் பெரிய மாற்றம் தேவைப்பட்டது, முக்கியமாக என் வாயில். நாங்கள் அவளை ‘அறிவுக்கொழுந்து’ என்று கொஞ்சிக்கொண்டே இருந்தோம். அதன் விளைவு, தோற்றுப்போகக்கூடிய எதையும் அவள் தொடமாட்டாள். ஸ்கிப்பிங் கயிறு வாங்கிக் கொடுத்தது அப்படியே ஆணியில் தொங்கியது. அமெரிக்காவில் மியூலர், டுவெக் என்ற இரு உளவியலாளர்கள் 1998-ல் வெளியிட்ட ஆய்வைப் பற்றி எங்கள் உளவியலாளர் சொன்னார்: புத்திசாலி என்று பாராட்டப்பட்ட ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள், முயற்சிக்காகப் பாராட்டப்பட்டவர்களைவிடச் சீக்கிரம் துவண்டுபோனார்கள். கேட்டபோது என் பிள்ளையைப் பார்த்து எழுதிய மாதிரி இருந்தது.

அத்தை பரணிலிருந்து பல்லாங்குழியை இறக்கினார். முதல் ஆட்டத்தில் தோற்றதும் இவள் பலகையைத் தட்டிவிட்டாள். சோழி எல்லாம் கட்டிலுக்கடியில் ஓடியது. அத்தை ஒன்றும் சொல்லாமல் துடைப்பக்குச்சியால் ஒவ்வொன்றாக இழுத்தார். “அப்பத்தாவும் உன் வயசுல தோத்துத் தோத்து அழுதவதான். எந்தக் குழியில எடுத்திருக்கலாம்னு சொல்லு, கேப்போம்.” அவள் அரைமணி நேரம் முறைத்துக்கொண்டிருந்தாள். அப்புறம் வந்து, மூன்றாவது குழியைக் காட்டினாள். இப்போதும் தோற்றால் கண் கலங்குகிறது. ஆனால் சோழி பலகையில் இருக்கிறது.

இன்னும் சில சின்ன ஏற்பாடுகள். ஞாயிற்றுக்கிழமை நத்தம் சாலையில் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகள் பகுதி, அவளே எடுத்துப் படிக்கட்டும் என்று விட்டுவிடுவோம். மாதாமாதம் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் துளிர் இதழ். கேள்விக்கு விடை தெரியாவிட்டால் “தெரியலடி, எழுதி வை, பார்ப்போம்” என்று சொல்லப் பழகிக்கொண்டோம். ஐஸ் கட்டிக் கேள்விக்கு ஒன்றரை மாதம் கழித்துப் பதில் கிடைத்தது: தண்ணீர் உறையும்போது விரிகிறது, அதே எடைக்கு இடம் கூடுகிறது. சாயங்காலம் ஒன்றரை மணி நேரம் தெருவில் விளையாட்டு, அதில் எந்த வகுப்பும் கிடையாது. சட்டை லேபிளை எல்லாம் கத்தரித்துவிட்டேன்.

அவளுக்கு இப்போது ஒன்பது வயது. அவள் தம்பி யு.கே.ஜி. போகிறான். பேச்சு தாமதமாக வந்தவன், எண்களைக் கண்டால் ஓடுகிறவன். அக்காவைப் போல் இல்லையே என்று வீட்டுக்கு வருகிறவர்கள் அவன் காதுபடவே சொல்கிறார்கள். போன வாரம் அவனுக்கும் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். முதல் பக்கத்தில் எழுதியிருப்பது: ‘செவ்வாய், மாலை ஐந்தரை. காய்ச்சலில் படுத்திருந்த பக்கத்து வீட்டுப் பையனுக்குத் தன் பங்கு கடலை மிட்டாயைக் கொண்டுபோய்க் கொடுத்தான். அவன் தூங்கிக்கொண்டிருந்ததால், எழும்வரை தரையில் உட்கார்ந்திருந்தான். நாற்பது நிமிடம். யாரும் சொல்லவில்லை.’