கோல்ஃப் பழகியது சுலபம், உள்ளே போனதுதான் பெரும்பாடு

முதுகெலும்பில் அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போனவர்கள், அதிலும் என்னை மாதிரி கல்லூரி வயதுக்காரர்கள், யாராவது கோல்ஃப் பழக நினைத்தால் இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். பந்து அடிப்பதில் பெரிய சிக்கல் இல்லை. அதற்கு முன்னால் வரும் காகிதங்கள்தான் உயிரை எடுத்தன.

யோசனை பிசியோதெரபிஸ்ட் அக்காவுடையது. உட்கார்ந்த நிலையில் உடம்பைத் திருப்பவும் தடுமாறாமல் இருக்கவும் இது நல்ல பயிற்சி என்றார். சரி என்று விண்ணப்பம் போட்டோம். அறுவை சிகிச்சை செய்த டாக்டரின் கடிதத்தோடு அப்பாவும் நானும் மைதான அலுவலகத்துக்குப் போனோம்.

மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் என்னைப் பார்க்கவே இல்லை. எல்லாம் அப்பாவிடம்தான். "பொண்ணுக்கு எதுக்கு சார் இந்த ரிஸ்க்?" என்றார். அடுத்து, போட்டித் தகுதிச் சான்று எங்கே என்று கேட்டார். மாற்றுத்திறனாளிகளுக்கான உலகத் தரவரிசைப் போட்டிகளில் ஆடுகிறவர்களுக்கு உரிய சான்று அது. சும்மா பழக வருகிறவர்களுக்குத் தேவையே இல்லை. மட்டையையே இன்னும் தொடாதவளிடம் அதைக் கேட்டால் என்ன சொல்வது? உங்களிடமும் கேட்டால், "எந்த விதியில் இருக்கிறது, எழுதிக் கொடுங்கள்" என்று பொறுமையாகச் சொல்லுங்கள். எங்களுக்கு அதோடு அந்தப் பேச்சு நின்றது.

ஆனால் டாக்டர் கடிதம் விஷயத்தில் அவர்கள் மறுத்ததில் நியாயம் இருந்தது. 'லேசான விளையாட்டுகளில் ஈடுபடலாம்' என்று ஒரே வரி. அதை வைத்து யாராலும் எதையும் முடிவு செய்ய முடியாது. பிசியோ அக்கா எழுதிய இரண்டாவது கடிதம்தான் வேலை செய்தது: காயம் எந்த மட்டத்தில், சாயாமல் எவ்வளவு நேரம் உட்கார முடியும், கையால் எவ்வளவு இறுக்கிப் பிடிக்க முடியும், எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை உடம்பை நாற்காலியிலிருந்து தூக்கிக்கொள்ள வேண்டும். இப்படி ஒரு கடிதத்தை முதலிலேயே வாங்கிவிடுங்கள்.

அடுத்த அலைச்சல் இயந்திரத்தால் வந்தது. பாராகோல்ஃபர் என்று ஒரு வண்டி. அதில் உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொண்டால், நம்மை அப்படியே தூக்கி நிற்க வைக்கும். அது இருக்கிற இடத்துக்கு ஆசையாகப் போனோம். எலும்பு அடர்த்தி ரிப்போர்ட் இல்லாமல் ஏற்ற மாட்டோம் என்று அங்கே போன பிறகு சொன்னார்கள். காரணம் சரிதான். காயத்துக்குப் பிறகு ரொம்ப நாள் காலில் எடை விழாமல் இருந்தால் எலும்பு மெலியும், நிற்க வைத்தால் முறியலாம். அதைப் போனில் சொல்லியிருந்தால் ஒரு நாள் மிஞ்சியிருக்கும். எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்துக்கொண்டு மறுபடி போனால், முழங்கால் தாங்கி யாரோ உயரமான ஆளுக்கு ஏற்றபடி இருந்தது. அதைத் திருகும் சாவி பூட்டிய அலமாரியில், அலமாரிச் சாவி வைத்திருப்பவர் லீவில்.

கடைசியில் ஏறினேன். விறுவிறுவென்று நிமிர்த்த விடாதீர்கள். ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். பாதி தூக்கியதும் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்கள். இறங்கியதும் அக்கா முழங்காலுக்குக் கீழே தோலைப் பார்த்தார். தாங்கி அழுத்திய இடத்தில் சிவப்பாக ஒரு கோடு. எனக்கு அங்கே வலி தெரியாது, கண்ணால் பார்த்தால்தான் உண்டு. சிவப்பு மறைகிற வரை அடுத்த முறை கிடையாது என்று சொல்லிவிட்டார்.

மற்றபடி உட்கார்ந்தே அடிக்கிறேன். சாதாரண மட்டை உதவாது. கை தாழ்ந்திருப்பதால் மட்டையின் தலை நுனி மேலே தூக்கிக்கொள்கிறது, பந்து இடப்பக்கம் ஓடுகிறது. மட்டையின் தண்டு தரையோடு சாயும் கோணத்தைத் தட்டையாக்கிக் கொடுத்ததும் நேராகப் போனது. பிடி பலமில்லாதவர்களுக்கு வெல்க்ரோ வைத்த கையுறை இருக்கிறது.

கிரீன் மேல், அதாவது பந்து விழ வேண்டிய குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை மேல், நாற்காலி வரக்கூடாது என்றும் அலுவலகத்தில் தடுத்தார்கள். அங்கே பேசி நேரத்தை வீணாக்காதீர்கள், புல்லைப் பராமரிக்கிறவரைத் தேடிப் பிடியுங்கள். எங்கள் மைதானத்து அண்ணன் என் நாற்காலியின் டயரைப் பார்த்தார். நேராகப் போகச் சொன்னார், அப்புறம் நின்ற இடத்திலேயே திரும்பச் சொன்னார். நேராகப் போன தடம் தெரியவே இல்லை. திரும்பிய இடத்தில் மட்டும் புல் முறுக்கிக்கொண்டு கிடந்தது. "அகலமா வளைச்சு திரும்பும்மா, மழை பெஞ்ச அன்னிக்கு மட்டும் வேண்டாம்" என்றார். விஷயம் முடிந்தது.

விதிப் புத்தகத்தையும் போனில் வைத்திருங்கள். 2023 முதல் மாற்றுத்திறனாளிகளுக்கான மாற்றங்கள் 25-வது விதியாகப் பொது விதிகளிலேயே இருக்கின்றன, தனி அனுமதி வேண்டாம். போன வாரம் என் பந்து மணல்குழியில் புதைந்தது, நாற்காலி அங்கே இறங்காது. பந்தை வெளியே எடுத்து வைத்தால் இரண்டு அடி (ஸ்ட்ரோக்) அபராதம் என்றார் கூட ஆடிய மாமா. மற்றவர்களுக்கு அப்படித்தான். நகர உதவும் சாதனத்தோடு ஆடுகிறவர்கள், குழியில் நிற்கும் கொடிக்கும் பந்துக்கும் நேர்கோட்டில் பின்னால் போய் வெளியே வைத்தால் ஒரே அடிதான். போனை நீட்டினேன். மாமா கண்ணாடியைப் போட்டு இரண்டு தடவை படித்துவிட்டு, ஸ்கோர் அட்டையில் எழுதியதை அடித்து ஒன்று என்று மாற்றினார். கொடி நின்ற அந்தக் குழியை மொத்தம் எத்தனை அடியில் முடித்தேன் என்று மட்டும் கேட்காதீர்கள்.