நாலு மாசம் பாயிண்ட்டைத் திட்டினேன், திருடன் புஷ்ஷில் இருந்தான்

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணி. அம்மீட்டர் முள்ளைப் பார்த்து, சிலிண்டர் அழுத்தத்தைத் தளர்த்துகிற டிகம்ப்ரசரைப் பிடித்து, பிஸ்டனை உச்சிக்குக் கொஞ்சம் தாண்ட வைத்து, ஒரே உதை. புல்லட் பிடித்துக்கொண்டது. இரண்டாவது உதை வேண்டியிருக்கவில்லை. நாலு மாசத்தில் இதுதான் முதல் தடவை. வலது கெண்டைக்காலில் இருக்கிற மூன்று தழும்புக்கும் அன்றைக்குத்தான் ஆறுதல் கிடைத்தது.

1986 மாடல் புல்லட் 350, இரும்பு இன்ஜின். ராசிபுரம் பக்கம் ஒரு தோட்டத்தில் கோழி அடைகாக்கிற மேடையாக இருந்ததை வாங்கி வந்தேன். ரீபோர், வால்வு, கிளட்ச் பிளேட் எல்லாம் முடிந்த கதை, அதையெல்லாம் எழுதி இடத்தை அடைக்கவில்லை. இன்ஜின் மூடிய நாளிலிருந்து ஒரே வியாதி: கிக்கர் திருப்பி அடித்தது. பத்து உதையில் ஆறு சும்மா போகும், மூன்று பிடிக்கும், ஒன்று காலை உடைக்கப் பார்க்கும். எது அந்த ஒன்று என்று சொல்லவே முடியாது. தினமும் ஒழுங்காக அடித்திருந்தால் டைமிங், அதாவது தீப்பொறி விழுகிற நேரம், முன்னால் இருக்கிறது என்று ஐந்து நிமிஷத்தில் முடித்திருப்பேன்.

டைமிங் கணக்கு நம்ம ஆட்களுக்குத் தெரிந்ததுதான். வேகம் கூடினால் பொறியை முன்னால் தள்ளுகிற அட்வான்ஸ் முழுக்க மூடியிருக்கும்போது, பிஸ்டன் உச்சிக்கு 0.8 மி.மீ. முன்னால் பாயிண்ட் (திறந்தால் பொறி கிளப்புகிற சுவிட்ச்) திறக்கணும். 90 மி.மீ. ஸ்ட்ரோக்குக்கு அது கிராங்க்கில் 9, 10 டிகிரி. பாயிண்ட் இடைவெளி 0.35-லிருந்து 0.40. இடைவெளியை முதலில் வைக்கணும், டைமிங்கை அப்புறம். மாற்றிச் செய்தால் இடைவெளி கூடக்கூட டைமிங்கும் முன்னால் ஓடிவிடும்.

புது பாயிண்ட் போட்டேன். புது கண்டென்சர் போட்டேன். அப்புறம் அட்வான்ஸ் யூனிட். பாயிண்ட்டைத் திறக்கிற கேமை விரலால் திருப்பி விட்டால் சடக்கென்று திரும்பி வரணும், என்னுடையது மதியச் சாப்பாடு சாப்பிட்டவன் மாதிரி பாதியில் படுத்துவிட்டது. ஸ்பிரிங் இரண்டும் இளகிப்போயிருந்தன. சென்னை போனபோது ஜி.பி. ரோட்டில் ஒரு கடையில் "ஒரிஜினல்" என்று கொடுத்த ஸ்பிரிங் பேனா ஸ்பிரிங்கை விட விறைப்பு. யூனிட்டில் இருக்கிற வெயிட் விரியவே இல்லை, டைமிங் பின்னாலேயே கிடந்தது, சேந்தமங்கலம் போய் வருவதற்குள் சைலன்சருக்குப் போகிற புது குரோம் பெண்ட் பைப் மயில் கழுத்து நிறத்துக்கு வந்துவிட்டது. அந்தப் பைப்பின் விலையை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. புதுப்பேட்டையில் பழைய யூனிட் ஒன்றைப் பிரித்து எடுத்த ஸ்பிரிங்தான் கடைசியில் ஒத்துவந்தது. ஸ்பிரிங் மட்டும் தர மாட்டேன் என்றார்கள், முழு யூனிட்டையும் தலையில் கட்டினார்கள்.

அப்புறமும் பதினைந்து உதைக்கு ஒரு அடி.

சைக்கிள் கம்பியை பிளக் துளையில் விட்டு உச்சி பார்க்கிற வேலையை நிறுத்தினேன். புல்லட்டில் பிளக் சாய்ந்து நிற்கிறது, கம்பியும் சாய்ந்துதான் போகும். போதாததற்கு உச்சியில் பிஸ்டன் அசைகிறதா நிற்கிறதா என்றே தெரியாது. பழைய பிளக் ஒன்றின் பீங்கானை உடைத்து, உள்ளே ஒரு போல்ட்டை முடுக்கி ஸ்டாப்பர் செய்தேன். டிகிரி தாள் ஒன்றை அச்செடுத்து அட்டையில் ஒட்டி, கிராங்க் முனையில் இருக்கிற ரோட்டர் நட்டில் மாட்டினேன். முன்னால் திருப்பி முட்டுகிற இடம், பின்னால் திருப்பி முட்டுகிற இடம், இரண்டுக்கும் நடுவில் உச்சி. பாயிண்ட்டுக்குக் குறுக்கே ஒரு சின்ன பல்பு, திறந்ததும் எரியும்.

முதல் சுற்றில் பல்பு 9 டிகிரியில் எரிந்தது. கைதட்டிக்கொண்டேன். சும்மா இன்னொரு தடவை திருப்பினேன், 13. அடுத்த சுற்றில் 6. எதையும் தொடவில்லை, திருகவில்லை. அட்டை நழுவுகிறது என்று நினைத்து நட்டை இறுக்கினேன். 8, 13, 7. அன்றைக்கு ராத்திரி வீட்டில் யாரிடமும் பேசவில்லை.

நாமக்கல்லில் இருப்பதில் ஒரு சௌகரியம், லாரித் தொழில் புண்ணியத்தில் லேத் பட்டறைக்குப் பஞ்சமில்லை. திருச்சி ரோட்டில் ஒரு பெரியவர், லாரி கிங்பின் வேலைதான் அவருக்குப் பிழைப்பு. பாயிண்ட் பாக்ஸைக் கழற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பாயிண்ட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஷாஃப்ட் முனையைக் கட்டைவிரலால் பக்கவாட்டில் அழுத்தினார். டக். எதிர்ப்பக்கம் அழுத்தினார். டக்.

"ஏனுங்க தம்பி, தொட்டில் மாதிரி ஆடுது. இதுல என்னத்தெ டைமிங் வெப்பீங்க?"

ஷாஃப்ட்டைக் கையில் வாங்கி நகத்தை ஓட்டிப் பார்த்தேன், புஷ் (ஷாஃப்ட்டைத் தாங்குகிற உலோக வளையம்) உட்காருகிற இடத்தில் தட்டியது. பாயிண்ட் இடைவெளியில் ஃபீலர் கேஜை வைத்துக்கொண்டு ஷாஃப்ட்டை இந்தப் பக்கம் தள்ளினால் 0.30, அந்தப் பக்கம் தள்ளினால் 0.45. நான் இடைவெளி வைத்த ஒவ்வொரு தடவையும் ஷாஃப்ட் எந்தப் பக்கம் சாய்ந்திருந்ததோ அந்தக் கணக்குக்குத்தான் வைத்திருக்கிறேன். கேம் சுற்றுவது கிராங்க்கில் பாதி வேகம், அதனால் இங்கே ஒரு டிகிரி பிசகினால் அங்கே இரண்டு. பாயிண்ட் பாக்ஸுக்குள் அடிக்கடி ஆயில் கசிந்ததும் இதனால்தான். நான் சீலை மட்டும் மூன்று தடவை மாற்றி, மூன்று தடவையும் சீல்காரனைத் திட்டியிருக்கிறேன்.

பெரியவர் ஷாஃப்ட்டைத் தேய்மானம் போகிற அளவுக்கு மட்டும் சைஸ் எடுத்தார். அதற்கேற்ற கன் மெட்டல் புஷ்ஷைக் கடைந்து அடித்து, பாக்ஸின் வெளி வட்டத்துக்கு டயல் வைத்து நடு பார்த்து, கடைசியில் ரீமர் விட்டார். அந்த டயல் பார்க்கிற வேலைக்கே முக்கால் மணி நேரம். முள் அரைக் கோடு நகர்ந்தாலும் "இல்ல" என்று சக்கைத் தட்டுவார். எனக்கு டீ இரண்டு ரவுண்டு முடிந்துவிட்டது. கூலி 650 ரூபாய். பெண்ட் பைப் எவ்வளவு என்று சொல்லியாகணுமா?

மாட்டித் திருப்பினேன்: 9, 9, 9, 9. இருபது தடவை திருப்பினேன், பல்பு எரிவதைப் பார்க்கிற சுகத்துக்காக.

அந்த ஞாயிற்றுக்கிழமையே காரவள்ளி வழியாகக் கொல்லிமலை. எழுபது கொண்டை ஊசியும் முதல் கியர், இரண்டாம் கியர்தான். முப்பத்தி சொச்சமாவது வளைவில் வேண்டுமென்றே அணைத்துவிட்டு, சூட்டோடு சூடாக உதைத்தேன். ஒன்றே ஒன்று. கூட வந்த பல்சர்க்காரத் தம்பி ஆசையாக ஓட்டக் கேட்டான், கொடுத்தேன். பிரேக் என்று நினைத்து, இதில் வலது பக்கம் இருக்கிற கியரை மிதித்து, சுவரோரம் போய் நின்றுவிட்டு மரியாதையாகச் சாவியை நீட்டினான். இறங்கும்போது முன் பிரேக் ஒரு சம்பிரதாயத்துக்குத்தான் இருக்கிறது என்று தெரிந்தது. ஷூ மாற்றணும், டிரம்மையும் அதே பெரியவரிடம் காட்டணும்.

அதை முடிப்பதற்குள் மனசு டேங்குக்குப் போய்விட்டது. திருவொற்றியூர் என்ஃபீல்டு ஃபேக்டரியில் டேங்க்குக்குத் தங்கக் கோடு கையால்தான் இழுத்தார்கள், எனக்கு ஸ்டிக்கர் ஒட்ட மனசில்லை. இங்கே லாரி பாடிக்குக் கோடு இழுக்கிறவர் ஒருவரைப் பிடித்திருக்கிறேன். டேங்க்கைத் தடவிப் பார்த்தவர், "பெயிண்ட்டு சரியில்லீங்க, திரும்ப அடிச்சுக் கொண்டாங்க" என்று அனுப்பிவிட்டார். ஆக டேங்க் இப்போது மறுபடியும் பிரைமரில் கிடக்கிறது, பெட்ரோலுக்கு ஒரு வாட்டர் பாட்டிலைத் தலைகீழாகக் கட்டி இன்ஜினை ஓட்டிக்கொண்டிருக்கிறேன். கிளட்ச் இருக்கிற பிரைமரி கேஸில் ஆயில் கசிவு தனி. ராத்திரி கீழே அட்டை போட்டு வைத்தேன், காலையில் இரண்டு சொட்டு. முந்தாநாள் மூன்று.