கெட்டியான புஷ் நல்ல புஷ்ஷா?

கோவையில் சஸ்பென்ஷன் வேலை செய்பவனிடம் வாரத் தொடக்கத்தில் ஒரு வகை வண்டிகளும், வெள்ளிக்கிழமை நெருங்க நெருங்க வேறு வகை வண்டிகளும் வரும். ஃபார்முலா மாருதி பந்தயக் கார்களை உருவாக்கிய கரிவர்தனின் பெயரில் 2003-இல் திறக்கப்பட்ட கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தளம் செட்டிபாளையத்தில் இருப்பதும், சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள கார் பந்தய ஓடுதளம் இருப்பதும் அதற்குக் காரணம். ஞாயிற்றுக்கிழமை அங்கே ஓட்டிய அதே காரில்தான் பலர் திங்கட்கிழமை அலுவலகத்துக்கும் போகிறார்கள். சஸ்பென்ஷன் கைகளின் மூட்டுகளில் அதிர்வைத் தாங்க இருக்கும் குழல் வடிவ மெத்தைதான் புஷ்; இந்த இரண்டு வேலைகளுக்கும் சேர்த்து ஒரே புஷ்ஷைத் தேர்ந்தெடுப்பது எவ்வளவு கடினம் என்பதை நான் புரிந்துகொள்ளப் பல ஆண்டுகள் ஆயின.

ஸ்கோடா லாரா ஆர்எஸ் கார் ஒன்றை வைத்திருந்த ஓர் இளைஞர் ஒரு நாள் பட்டறைக்கு வந்தார். மாதம் ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர் சாலையில் ஓட்டுவார்; ஆண்டுக்கு நான்கைந்து நாட்கள் டிராக்கில் ஓட்டுவார். வேகமாக வந்து பிரேக்கை அழுத்தித் திருப்பும்போது பின்பகுதி ஒரு கணம் தனியாக நகர்வதைப் போல இருக்கிறது என்றார். "அண்ணா, பின்னாடி இருக்கிற எல்லா ரப்பர் புஷ்ஷையும் எடுத்துட்டு, இருக்கறதுலயே கெட்டியான பாலி புஷ்ஷாப் போட்டுருங்க" என்று கேட்டார். "தம்பி, அவசரப்படாதீங்க, முதல்ல வண்டியத் தூக்கிப் பாத்துரலாம்" என்று சொன்னேன். அதற்கு முன் இன்னொருவர் கேட்டதைக் கேட்டபடியே செய்துகொடுத்து நான் தவறிய வேறொரு வண்டி அப்போது என் நினைவில் இருந்தது.

அதுவும் இதே பின் அமைப்புள்ள காராகத்தான் இருந்தது. ஒவ்வொரு பின்சக்கரத்தையும், வண்டியின் நீளவாக்கில் ஓடும் டிரெய்லிங் ஆர்ம் என்ற ஒரு கையும் மூன்று குறுக்குக் கைகளும் பிடித்திருக்கும். அதன் உரிமையாளர் விருப்பப்படி எல்லா மூட்டுகளிலும் டிராக்குக்கான கெட்டி பாலி புஷ்களை, அதாவது ரப்பரைவிட விறைப்பான பாலியூரிதேன் என்ற செயற்கைப் பொருளாலான புஷ்களை, அடித்துக் கொடுத்தேன். முதல் சில நாட்கள் அவர் மகிழ்ச்சியாக இருந்தார். மழைக்காலம் முடிந்ததும் வண்டி முனகத் தொடங்கியது. மேடு பள்ளமுள்ள வளைவுகளில் பின்பகுதி தத்தித் தத்திப் போனது. கழற்றிப் பார்த்தபோது டிரெய்லிங் ஆர்மின் முன்முனையில் இருந்த புஷ் ஒரு பக்கமாகத் தேய்ந்து விளிம்பு பிய்ந்திருந்தது. பொருளில் குறை இல்லை. அந்த மூட்டுக்கு அதைத் தேர்ந்தெடுத்தது என் தவறு.

அந்த மூட்டின் அசைவை அப்போதுதான் நான் நிதானமாகப் பார்த்தேன். ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் கழற்றிவிட்டு, சக்கரத்தை ஜாக்கியால் மெதுவாக ஏற்றி இறக்கினால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். சக்கரம் மேலே போகும்போது டிரெய்லிங் ஆர்ம் முன்முனையை மையமாக வைத்துச் சுழல்கிறது. அதே நேரத்தில் வெவ்வேறு நீளமுள்ள குறுக்குக் கைகள் தத்தம் வட்டப்பாதையில் நகர்வதால், அதன் பின்முனையைப் பக்கவாட்டில் இழுப்பதோடு கேம்பர், அதாவது முன்னாலிருந்து பார்க்கும்போது தெரியும் சக்கரத்தின் சாய்வு, மாறும் அளவுக்குச் சற்று முறுக்கவும் செய்கின்றன. ஆகவே முன்முனை புஷ் கதவுக் கீலைப் போல ஒரே அச்சில் சுழல்வதில்லை. சுழல்கிறது, சாய்கிறது, முறுகுகிறது. ரப்பர் புஷ்ஷில் உள்குழலும் வெளிக்குழலும் ரப்பரோடு ஒட்டப்பட்டிருக்கும். எதுவும் வழுக்காது, ரப்பரே எல்லாத் திசையிலும் நெளிந்துகொடுக்கும். பாலி புஷ் அப்படி அல்ல. அது உள்குழலின் மேல் வழுக்கிச் சுழல்வதற்காகச் செய்யப்பட்டது. ஒரே அச்சில் சுழலும் மூட்டில் அருமையாக வேலை செய்யும், சாய்க்கும் இடத்தில் இறுகிப் பிடிக்கும். இறுகிப் பிடிக்கும் புஷ் யாரும் கணக்கிட்டுப் போடாத கூடுதல் ஸ்பிரிங்காக மாறிவிடுகிறது. அந்த வண்டி தத்தியதற்கு அதுதான் காரணம்.

எத்தனை கெட்டி என்ற கேள்வியைவிட எந்தத் திசையில் கெட்டி என்ற கேள்வி முக்கியம் என்று அதன்பிறகே என் மனத்தில் பதிந்தது. ஷோர் ஏ அளவையில் 70, 80, 95 என்று விற்பனையாளர்கள் சொல்லும் எண்கள் பொருளின் கடினத்தை மட்டுமே சொல்கின்றன. மூட்டின் நடத்தையைச் சொல்வதில்லை. தொழிற்சாலை ரப்பர் புஷ் சிலவற்றில் இரண்டு பக்கம் பிறைபோல வெற்றிடம் விட்டு வார்த்திருப்பார்கள். அந்தத் திசையில் அது மென்மையாகவும் அதற்குக் குறுக்கே கெட்டியாகவும் இருக்கும். அதைச் சிக்கனத்துக்காகச் செய்ததாக நினைத்து, வெற்றிடத்தைப் பாலி கொண்டு நிரப்பச் சொல்பவர்கள் இன்றும் வருகிறார்கள். 1977-இல் வெளிவந்த போர்ஷே 928-இன் பின் அச்சை நான் அவர்களுக்கு எடுத்துச் சொல்வதுண்டு. வளைவின் நடுவில் ஓட்டுநர் பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்சக்கரம் வெளிப்பக்கம் திரும்பி வண்டி சுழன்றுவிடும் என்பதால், அதே விசையைக் கொண்டு சக்கரம் சற்று உட்பக்கம் திரும்புமாறு முன்மூட்டின் நெகிழ்வை போர்ஷேயின் வைஸாக் ஆய்வு மையப் பொறியாளர்கள் திட்டமிட்டு அமைத்தார்கள். சக்கரம் எப்படித் திரும்ப வேண்டும் என்ற முடிவு ரப்பருக்குள் இருக்கலாம். அதை அறியாமல் மாற்றுபவர் வண்டியின் குணத்தையே மாற்றுகிறார்.

லாராவைத் தூக்கி, நீண்ட கம்பியால் ஒவ்வொரு மூட்டையும் நெம்பிப் பார்த்தோம். டிரெய்லிங் ஆர்ம் புஷ்கள் இரண்டிலும் ரப்பர் உள்குழலை விட்டுப் பாதி பிரிந்திருந்தது. பின் டயர்களின் உள்விளிம்பு ரம்பம்போலத் தேய்ந்திருந்தது. அலைன்மென்ட் மேடையில் ஏற்றி, பிரேக் போடும்போது தரை இழுப்பதைப் போலச் சக்கரத்தை நாடாவால் பின்னோக்கி இழுத்துப் பார்த்தபோது, நின்ற நிலையில் டோ-இன் ஆக (முன்விளிம்பு சற்று உட்பக்கம் திரும்பி) இருந்த சக்கரம் டோ-அவுட்டுக்கு (வெளிப்பக்கம்) போனது. அவர் சொன்ன அந்த ஒரு கணத் தனி நகர்வை மேடையிலேயே பார்த்துவிட்டோம்.

இதில் புழங்கும் அளவுகள் எவ்வளவு சிறியவை என்பதைப் பலர் உணர்வதில்லை. 225/45 ஆர்17 டயரின் விட்டத்தில் 10 நிமிடக் கோணம் (60 நிமிடம் ஒரு டிகிரி) என்பது இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவு. சக்கர மையத்திலிருந்து 200 மில்லிமீட்டர் தள்ளிப் பிடிக்கும் ஒரு குறுக்குக் கையில் 1 மில்லிமீட்டர் தளர்வு இருந்தால், சக்கரம் ஏறத்தாழ 17 நிமிடம் திரும்பிவிடும். எத்தனை கவனமாக அலைன்மென்ட் செய்தாலும், அந்தத் தளர்வு இருக்கும் வரை திரையில் தெரியும் எண்ணுக்குப் பொருளில்லை.

எனவே மூட்டுக்கு மூட்டுத் தனித்தனியாக முடிவு செய்தோம். டிரெய்லிங் ஆர்மின் முன்முனைக்கு நிறுவனத்தின் அசல் ரப்பர் புஷ்ஷையே புதிதாகப் போடுவது என்பது என் முதல் முடிவு. அவர் ஏமாற்றமடைந்தார்; பழைய ரப்பரும் புதிய ரப்பரும் ஒன்றல்ல என்பதைப் புதிய புஷ்ஷைக் கையில் கொடுத்து நெம்பச் சொன்ன பிறகுதான் ஒப்புக்கொண்டார். டோவை, அதாவது சக்கரம் உள்ளே வெளியே திரும்பும் கோணத்தை, பிடித்து வைத்திருக்கும் கீழ்க் குறுக்குக் கைகள் பெரும்பாலும் ஒரே அச்சில் சுழல்பவை. அங்கே நடுத்தரக் கடினமுள்ள பாலி போட்டோம். மேல் கை ரப்பரோடு நின்றது. வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் கம்பியின் புஷ்களைப் பாலியாக மாற்றினோம். செலவுக்கு மேல் பலன் தரும் இடம் அது. கைகளைத் தாங்கி உடற்கூட்டோடு இணையும் சட்டமான சப்ஃபிரேமைத் தொடவில்லை. உருண்டை பேரிங் மூட்டு போடலாமா என்றும் கேட்டார். அது எந்தத் திசையிலும் இறுகிப் பிடிக்காது, தளர்வும் இருக்காது. வடிவியலின்படி பார்த்தால் டிரெய்லிங் ஆர்முக்கு அதுவே மிகச் சரி. ஆனால் டிரெய்லரில் ஏற்றிச் சென்று, பந்தயம் முடிந்ததும் கழற்றித் துடைக்கும் வண்டிக்கே அது பொருந்தும். புழுதியும் மழைநீரும் வேகத்தடைகளும் உள்ள சாலையில் மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓடினால் அதன் ஆயுள் குறுகிவிடும். ஒவ்வொரு குழியின் ஓசையும் நேராக உடற்கூட்டுக்கு ஏறும்.

பொருத்துவதிலும் பாதி வெற்றி இருக்கிறது. பழைய புஷ் எந்தக் கோணத்தில் இருந்தது என்று கையின் மேல் கோடு போட்டுக்கொண்ட பிறகே பிரஸ்ஸில் வைத்துத் தள்ளினோம். பாலி புஷ்ஷின் உள்துளைக்கு சிலிக்கான் கிரீஸ் மட்டுமே இட்டோம். வண்டியைத் தூக்குவதற்கு முன்பே சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரையுள்ள உயரத்தை அளந்து எழுதி வைத்திருந்தேன். சக்கரம் மாட்டும் ஹப்பின் அடியில் ஜாக்கி கொடுத்து அதே உயரத்துக்கு ஏற்றிய பிறகுதான் ரப்பர் புஷ் போல்ட்டுகளை முழுமையாக முறுக்கினேன். சக்கரம் தொங்கும் நிலையில் முறுக்கினால், வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் நிரந்தரமாக முறுக்கேறிய நிலையில் மாட்டிக்கொள்ளும். சில மாதங்களில் கிழியும். நல்ல புஷ்கள் பல இந்த ஒரு சோம்பலால் வீணாவதைப் பார்த்திருக்கிறேன். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும்.

மறுபடி அலைன்மென்ட் மேடையில் நாடாவால் இழுத்துப் பார்த்தோம். டோ சற்று அசைந்தது, ஆனால் டோ-இன் பக்கமே நின்றது. விட்டதும் பழைய இடத்துக்குத் திரும்பியது.

அடுத்த ஆண்டு அவர் வண்டியைச் சோதனைக்குக் கொண்டுவந்தபோது, கீழ்க் கைகளின் புஷ்களைக் கழற்றித் துடைத்துப் புதிதாகக் கிரீஸ் இட்டோம். டிரெய்லிங் ஆர்ம் ரப்பரின் ஓரத்தில் மயிரிழை போன்ற வெடிப்புகள் தெரிந்தன, பிரியவில்லை. பின் டயர்கள் அகலம் முழுவதும் சீராகத் தேய்ந்திருந்தன. சப்ஃபிரேமையும் கெட்டியாக்கலாமா என்று அவர் கேட்டார். முதலில் டயர் அழுத்தத்தை ஒவ்வொரு சுற்றுக்கும் பிறகு குறித்து வரச் சொன்னேன். அந்த ரப்பர் புஷ்கள் இரண்டையும் அடுத்த பருவத்துக்கு முன்பு மாற்றிவிடுவது என்று பேசிக்கொண்டோம்.